மிக வலுவானது

தலையில் டையைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனை அவனுடைய செல்போனே யார் நீ என்று கேட்கிறது. முகத்தைக் காட்டினேன், பொருந்தவில்லை என்றது. விரலை வைத்தேன், விரலெல்லாம் தேங்காய் எண்ணெய், அதுவும் பொருந்தவில்லை. காதில் கறை பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னது குழலி. பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கிழிந்த பனியனோடு என்னை உட்காரவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பொறுமையாகப் பூசிவிட்டு, அரைமணி நேரம் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நாளைக்கு எங்கள் மகள் தாரிணிக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள். "அவங்க முன்னாடி பொண்ணோட தாத்தா மாதிரி நிக்காதீங்க" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் மட்டும் டை போடுவதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கீமோவில் கொட்டிப்போன முடி, திரும்பி வரும்போது வெள்ளையாக, சுருட்டை சுருட்டையாக வந்தது. போனது வந்ததே பெரிசு, அதுக்குப் போய்க் கறுப்பு அடிக்கணுமா என்பாள். அவளுடைய முழுப்பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மனின் பெயர், உறையூர்க்காரர்கள் பெண்ணுக்கு வைக்கிற பெயர். மணக்கும் கூந்தலை உடையவள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை அந்தப் பெயர் சொல்லி மைக்கில் கூப்பிடும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். பெயருக்காகத்தான் குனிகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஆஸ்பத்திரியை இப்போது நினைக்கக் கூடாது. நினைக்காமல் இருக்கத்தான் போனை எடுத்தேன், எடுத்தால் அதிலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. நம்பரை அடித்துப் பூட்டைத் திறந்தேன்.

எல்லாம் இந்தத் தாரிணியால் வந்தது. காலையில் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், குழலி பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் டை பவுடரைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, போன மாசம் கேஸ் புக் பண்ணப் போயி பாஸ்வேர்டு லாக் ஆகி என்னை ஆபீஸ் மீட்டிங்கிலேர்ந்து எழுப்பினீங்கல்ல? இனிமே அந்தக் கூத்தே வேணாம். நான் சொன்ன பாஸ்வேர்டு ஆப்பைப் போட்டாச்சா?" போட்டாச்சும்மா. "பழைய பாஸ்வேர்டெல்லாம் தானா வந்து உக்காந்திருக்குமே?" உக்காந்திருக்கும்மா. "அவ்வளவுதான். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வந்ததும் நானே எல்லாத்தையும் குடும்பப் பெட்டகத்துல போட்டுடறேன். நீங்க, அம்மா, நான், மூணு பேரும் பாத்துக்கலாம். முதல்ல அம்மாவோட ஆஸ்பத்திரி ஆப். அடுத்த வாரம் செக்கப் ரிப்போர்ட் வந்ததும் நானே திறந்து பாத்துக்கறேன். நீங்க பாட்டுக்கு நார்மல் நார்மல்னு சொல்லிட்டு எதையாவது மறைப்பீங்க." அப்போது குழலி குழைப்பதை நிறுத்தினாள். "ஆஸ்பத்திரி ஆப்பை விட்டுடு, தாரிணி. அதை எதுக்கு அதுல போட்டுக்கிட்டு? விசேஷ நேரத்துல ஆஸ்பத்திரிப் பேச்சு வேணாம்." "அதான்மா எல்லாத்தையும்விட முக்கியம். நீ சும்மா இரு." குழலிக்கு ஆஸ்பத்திரி என்ற சொல்லே பிடிக்காது, அதனால் சொல்கிறாள், இந்த ஒரு தடவை அவள் பிடிவாதம் ஜெயித்துவிடாதா என்று அல்பமாக ஆசைப்பட்டேன். ஜெயிக்கவில்லை. பிள்ளைத்தாச்சி சொன்னால் சொன்னதுதான்.

ஆப்பைத் திறக்கிறேன். வரிசையாக எல்லாம் இருக்கிறது. கரண்ட் பில், கேஸ், ரயில் டிக்கெட், வீட்டு வரி, பாலிடெக்னிக் சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே கறுப்புப் புள்ளிகள், புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண். அந்தக் கண்ணைத் தொட்டால் புள்ளி விலகி எழுத்து வரும். மேலே மஞ்சள் பட்டையில் ஒரு எச்சரிக்கை. ஒரே கடவுச்சொல் ஒன்பது இடங்களில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, உடனே கவனிக்கவும் என்கிறது. ஒன்பது இடம். எனக்குத் தெரியாதா, நான்தானே பயன்படுத்தினேன். ஆனால் ஒருத்தன் கூட்டிப் பார்த்துச் சொல்லும்போது திரையைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். கண்ணைத் தொடவில்லை. தொடாமலே தெரியும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். முதலெழுத்து பெரிசு, கடைசியில் அட் குறி, அதற்கப்புறம் ஒண்ணு. நடுவில் இருப்பது, சீக்கிரம்போய்டு. சொல்லிவிட்டேன். மனசுக்குள்தான் சொன்னேன், அதற்கே சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். தாளிக்கிற சத்தம் கேட்கிறது. சீக்கிரம் போய்டு. யாரைப் பார்த்துச் சொன்னது என்று ஒருத்தரும் கேட்க வேண்டாம், ஆஸ்பத்திரி ஆப்பின் பாஸ்வேர்டு அது, மேலே நோயாளி பெயர் மட்டுவார்குழலி என்று போட்டிருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் என் மகள், ஏழு மாத வயிற்றோடு, கால் வீங்கிப்போய் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தக் கண்ணைத் தொடுவாள்.

அது பகல் நேரம்தான், வெயில் நேரம். மூன்றாவது கீமோவுக்கு மறுவாரம். ரத்தப் பரிசோதனைக்காக உட்கார்ந்திருந்தோம். அந்த ஹாலில் ஃபேன் சுற்றும், காற்று வராது. இனிமேல் கவுண்டரில் டோக்கன் கிடையாது, ஆப்பில் பதிவு பண்ணினால்தான் டோக்கன் என்று அன்றைக்குத்தான் சட்டம் போட்டிருந்தார்கள். குழலி என் இடது தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள். என் இடது கையில் வாந்திப் பை, வலது கையில் போன். கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். முதலில் அவள் பெயரைத்தான் போட்டேன், சத்தியமாகப் பெயரைத்தான் போட்டேன். பலவீனமானது என்று சிவப்புக் கோடு வந்தது. இன்னும் நீளமாகப் போடு என்றது. அப்போது அவள் தூக்கத்தில் குமட்டினாள். பையைப் பிடித்தேன், கொஞ்சம் என் சட்டையில் பட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஆள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நகர முடிந்தவன் நகர்கிறான் என்று நினைத்தேன். எனக்கு முதல்நாள் தூக்கம் இல்லை, அதற்கு முதல்நாளும் இல்லை, லீவு தீர்ந்து சம்பளம் இல்லாத லீவில் இருந்தேன், சட்டை நாறியது. கட்டை விரல் பாட்டுக்கு அடித்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கணம் அப்படியே தெரிந்து பிறகுதான் புள்ளியாக மாறும். எஸ் தெரிந்தது, புள்ளியானது. ஈ தெரிந்தது, புள்ளியானது. அடித்து முடித்தபோது கோடு சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பச்சையாகி, மிக வலுவானது என்று எழுத்து வந்தது. அன்றைக்கு முழுக்க என்னைப் பாராட்டி வந்த ஒரே வார்த்தை அதுதான்.

அவள் படுகிற பாடு பொறுக்காமல்தான் அப்படி அடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன், குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது. ஒட்டவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும், அந்தக் கணத்தில் அவள் வலி என் நினைப்பிலேயே இல்லை. நான் தூங்க வேண்டும், என் சட்டை நாறக் கூடாது, அவ்வளவுதான் இருந்தது. அப்புறம் என்ன செய்தேன்? வெட்கத்தைவிட்டுச் சொல்வதென்றால் அதையே எல்லா இடத்திலும் போட்டேன். கரண்ட் பில்லுக்குப் போட்டேன், கேஸுக்குப் போட்டேன். எட்டு எழுத்துக்கு மேல், பெரிய எழுத்து ஒன்று, குறி ஒன்று, எண் ஒன்று என்று எல்லாப் பயல்களும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். மறக்காமல் நினைவில் நிற்கிறது அது ஒன்றுதான். முதலில் அடிக்கும்போது கை கூசும். பிறகு பழகிவிட்டது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், இந்தக் கசப்பு பழகப் பழக வெறும் தண்ணீராகிவிட்டது. அவள் எழுந்து நடமாடத் தொடங்கி, எனக்குத் தோசை வார்த்துக் கொடுக்க, நான் தோசையைத் தின்றுகொண்டே கரண்ட் பில் கட்ட அதை அடித்திருக்கிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போக டிக்கெட் எடுக்க அதை அடித்திருக்கிறேன். கெட்ட வார்த்தை பேசாதேடா, மேலே போகிற தேவதை ததாஸ்து, அப்படியே ஆகட்டும்னு சொல்லிட்டுப் போயிடும் என்று அம்மா அதட்டுவாள். ஆங்கில எழுத்தில் அடித்ததால் தேவதைக்கு விளங்கவில்லை போல. சிரிப்பு வரவில்லை. இன்னொரு அசட்டுத்தனமும் உண்டு. அதை மாற்றாமல் வைத்ததற்கு ஒரு காரணம், அந்தப் பாஸ்வேர்டு இருக்கும்போதுதான் அவள் பிழைத்தாள் என்பது. மாற்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். நல்ல காலம் நடக்கும்போது கிழிந்த சட்டையைக்கூடத் தூக்கிப் போடாதவர்கள் நாங்கள். ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. மாற்றுவதென்றால் அவள் நம்பருக்குத்தான் ஓடிபி போகும், அவளிடம் வாங்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து அதைக் கேட்கத் துணிச்சல் இல்லை.

காதோரம் அரிக்கிறது. சொறிந்தால் விரல் கறுக்கும். இந்த ஆப்பை நம்பலாமா? எவனோ, எந்த ஊரிலோ உட்கார்ந்து பண்ணியது. உங்கள் கடவுச்சொல்லை எங்களாலேயே பார்க்க முடியாது என்று எழுதி வைத்திருக்கிறான். பார்க்க முடியாதவனுக்கு ஒன்பது இடத்தில் ஒரே வார்த்தை என்று எப்படித் தெரிந்தது? என்னுடைய போனுக்குள்ளேயே கணக்குப் போடுகிறதாம், வெளியே போகாதாம், தாரிணி விளக்கினாள். இருபத்தேழு வருஷமாக ஒர்க்ஷாப் வாத்தியார் நான். மெஷின்மேல் கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கிற வாசகத்தை நம்பாதே, மூடியைக் கழற்றிப் பார் என்று பையன்களுக்குச் சொல்கிறவன். இதில் கழற்ற மூடியே இல்லை. சரி, அப்படிப் பார்த்தால் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை எதிர்வீட்டு ராஜேஸ்வரியம்மாவிடம்தானே கொடுத்துவிட்டுப் போகிறோம்? எழுதியா வாங்கினோம்? அந்த அம்மா நாங்கள் இல்லாதபோது உள்ளே வந்து பீரோவைத் திறந்தாளா, குழலியின் பட்டுப்புடவையை உடம்பில் வைத்துப் பார்த்தாளா, யாருக்குத் தெரியும்? நம்புகிறோம். திருடு போகுமே என்று எனக்குப் பயமே இல்லை, அது வேடிக்கை. என் கரண்ட் பில்லை எவன் திருடி என்ன பண்ணப் போகிறான், கட்டிவிட்டுப் போகட்டும். முகம் தெரியாதவன் பார்த்தால் பார்க்கட்டும். அவனுக்குத் தமிழ் தெரியாது, தெரிந்தாலும் குழலி யாரென்று தெரியாது. ஊர் உலகத்தில் இருக்கிற எல்லாத் திருடனையும் நம்பலாம். வீட்டுக்குள் இருக்கிற இரண்டு பேர்தான் பார்க்கக் கூடாது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

"என்னங்க, போனைக் கவுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? என்னைக் கண்டதும் கவுக்கறீங்க. புதுசா எங்கயாவது சின்ன வீடு வெச்சிருக்கீங்களா?" குழலி கரண்டியோடு வந்து நிற்கிறாள். எப்போது கவிழ்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "இந்தக் கோலத்துல எவ வருவா?" என்றேன். "அதானே" என்று சொல்லி என் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். "இங்க ஒரு இடம் விட்டுப்போச்சு" என்று கரண்டியை வாஷிங் மெஷின்மேல் வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்து நெற்றிப்பொட்டில் இரண்டு இழுப்பு இழுத்தாள். அவள் விரல் என் கன்னத்தில் பட்டது. பெருங்காய வாசனை. என் தலை அவள் வயிற்றில் லேசாக இடித்தது. முப்பத்தோரு வருஷம் இந்த வயிற்றோடு குடித்தனம். அங்கே தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்புக்கு எண்ணெய் தடவிவிட்டவனும் நான்தான், அந்த வார்த்தையை அடித்தவனும் நான்தான், இரண்டும் ஒரே கட்டை விரல். இப்போது சொல்லிவிடலாமா? குழலி, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால் போதும். சொன்னால் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள், உள்ளே போய் ரசத்தை இறக்குவாள், நாளைக்கு வளைகாப்பில் சிரிப்பாள், அதற்கப்புறம் என்றைக்காவது நான் தும்மும்போது திரும்பிப் பார்க்காமல் இருப்பாள். அது போதாதா தண்டனைக்கு? "இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்று சொல்லிக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சொல்லவில்லை. சொல்லாததில் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிக்காக என்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

செய்தாக வேண்டும், சாயங்காலத்துக்குள் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரி ஆப்பைத் திறந்து கடவுச்சொல்லை மாற்று என்ற இடத்தைத் தொட்டேன். பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது என்றது. உள்ளே அவள் போன் டிங் என்றது. குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, "குழலி, உன் போன்ல ஏதாவது நம்பர் வந்திருக்கா பாரு" என்றேன். "ஆமா, ஆஸ்பத்திரிப் பேர் போட்டு ஏதோ வந்திருக்கு. எதுக்கு?" பொய் தயாராக நாக்கு நுனியில் இருந்தது, எனக்கே ஆச்சரியம். "அடுத்த வாரச் செக்கப் தேதியை உறுதி பண்ணக் கேக்குது." அவள் அங்கிருந்தே சிரித்தாள். "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே. உங்ககிட்ட சொல்லலாமா?" நான் பனியனில் விரலைத் துடைத்துக்கொண்டேன். "சரி, நீங்கதானே, எழுதிக்குங்க" என்று ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். இரண்டாம் தடவையும் சொன்னாள், தப்பாகிவிடக் கூடாதென்று. ஊரெல்லாம் ஆப்பை நம்பலாமா, கம்பெனியை நம்பலாமா என்று கேட்கிறார்கள். இவள் ரசக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு என்னை நம்புகிறாள். எண்ணை அடித்தேன். புதிய கடவுச்சொல் என்று காலியாக ஒரு கட்டம் வந்து நின்றது.

என்ன போடுவது? பாவத்தைக் கழுவுகிற மாதிரி எதையாவது போடலாம் என்று தோன்றியது. நூறுவயசு என்று அடித்தேன், குழலிநூறுவயசு. அடிக்கும்போதே முகம் சுட்டது. சாகச் சொன்னவன் இப்போது பல்லாண்டு பாடுகிறான், அதுவும் மகள் பார்ப்பாள் என்பதால் பாடுகிறான். மேலே சிவப்புக் கோடு. பலவீனமானது. ஆமாம், இருக்கும். கெட்டதைச் சொன்னபோது மிக வலுவானது என்று சொன்ன மெஷின் இது, அதற்கு ஆள் தெரியும். அழித்தேன். அப்போதுதான் கீழே தாரிணி போடச் சொன்ன ஆப் கேட்டது, நானே ஒன்றை உருவாக்கித் தரட்டுமா என்று. தொட்டேன். ஒரு முழ நீளத்துக்கு எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து வந்து விழுந்தது. படித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எந்த மொழியிலும் இல்லை. அதில் ஆசை இல்லை, ஆத்திரம் இல்லை, யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஒரு மனுஷனால் இப்படி அடிக்க முடியாது, மனுஷன் எதை அடித்தாலும் அவன் மனசிலிருப்பது கொஞ்சம் கசிந்துவிடும். இதை நம்பலாம் என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது, அதுவும் இதற்கு மனசு என்று ஒன்று இல்லாததால். சேமி என்பதைத் தொட்டேன். பச்சைக் கோடு. மற்ற எட்டு இடத்தையும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம், அதற்கெல்லாம் ஓடிபி என் போனுக்குத்தான் வரும். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போனது. டையின் புளித்த நாற்றம்கூட அப்போது நன்றாக இருந்தது.

அந்த மூச்சு வெளியே வருவதற்குள் திரையின் அடியில் ஒரு வரி வந்தது. பழைய கடவுச்சொல் வரலாற்றில் பத்திரமாக உள்ளது, தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு எப்படித் தேவைப்படும்? எவன் கேட்டான்? அந்த வரியைத் தொட்டால் மறுபடி அதே புள்ளிகள், அதே கண், கீழே தேதி. எங்கே அழிப்பது என்று தேடினேன். மூன்று புள்ளியைத் தொட்டேன், அமைப்புகள் என்றிருந்ததைத் தொட்டேன், விரல் வழுக்கி வேறெங்கோ போய் மாதச் சந்தா கட்டச் சொல்லும் பக்கத்தில் நின்றேன். திரும்பி வந்தேன். தாரிணிக்கு இது தெரியும், அவளுக்கு எல்லா மூலையும் தெரியும். ஆனால் போய்ப் பார்ப்பாளா? பழசை எதற்குப் பார்க்கப் போகிறாள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். மொத்தமாக ஆஸ்பத்திரிப் பதிவையே ஆப்பிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால்? அப்படிச் செய்தால் புதுசும் போய்விடும், புதுசு எனக்கு மனப்பாடம் இல்லை, மறுபடியும் ஓடிபி, மறுபடியும் அவள் சிரித்துக்கொண்டே எண் சொல்வாள். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பை வாங்க என்னால் முடியாது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு டை இறங்கிப் போன் கண்ணாடியில் விழுந்தது. துடைத்தேன், அது பரவிக் கறுப்பாக இழுபட்டது.

"போதும், வாங்க" என்று குழலி வெந்நீர் வாளியோடு வந்தாள். போனை வாஷிங் மெஷின்மேல் வைத்தேன், கவிழ்க்காமல் வைத்தேன், கவிழ்த்தால் கேட்பாள். குழாயடியில் குந்தி உட்கார்ந்தேன். "கண்ணை மூடிக்குங்க, உள்ள போயிட்டா எரியும்." மூடிக்கொண்டேன். வெந்நீர் பதமாக விழுந்தது. அவள் விரல்கள் மண்டைக்குள் இறங்கித் தேய்த்தன. மூக்கின் மேலாகக் கறுப்புத் தண்ணீர் ஓடுவது கண்ணை மூடியிருந்தாலும் தெரிந்தது. "அந்தத் தேதி என்னிக்குன்னு பாக்கலாம்னு இப்ப ஆஸ்பத்திரி ஆப்பை என் போன்ல திறந்தேன்" என்றாள். விரல் நிற்கவில்லை. "தப்புன்னு வருது." என்ன சொல்கிறாள் என்று எனக்குச் சட்டென்று ஏறவில்லை. "நீயா திறந்தே?" என்றேன். "நான்தானே திறப்பேன், ரிப்போர்ட் வர்றப்பல்லாம். நீங்க நார்மல்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க, நான் ஒரு தடவை பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." ஒரு குவளை தண்ணீர். "ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். முதல் எழுத்து பெரிசு, கடைசியில அந்த அட் குறி, அப்புறம் ஒண்ணு. எல்லாம் சரியாத்தான் போட்டேன்." நடுவில் இருப்பதை அவள் சொல்லவில்லை. என் இடது தோளில் அவள் தலை கனத்தது, அந்த ஹாலில் கனத்த மாதிரியே. எஸ் தெரிந்து புள்ளியானது, ஈ தெரிந்து புள்ளியானது. அன்றைக்கு அவள் தூங்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அவள் தன் விரலாலேயே அதைத் தனக்கு அடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி ஆப்பை விட்டுடு என்று காலையில் மகளிடம் எதற்காகச் சொன்னாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. "மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "மாத்திட்டேன்." கண்ணைத் திறக்க முடியவில்லை, திறந்தால் எரியும், அந்த எரிச்சலுக்காகத்தான் திறக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். "புதுசு என்ன?" "எனக்கே தெரியாது, குழலி. அந்த ஆப்புக்குத்தான் தெரியும்." அவள் விரல் ஒரு கணம் நின்றது. குவளை வாளியில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஏதாவது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று கழுத்தை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். "காதுக்குப் பின்னால கறுப்பு இன்னும் போகல. குனிங்க" என்றாள். குனிந்தேன். "இன்னும்" என்றாள். இன்னும் குனிந்தேன்.